பிசிபி ரைஃபிளில் காற்று இறங்கினால்: நுரையா, தண்ணீர்த் தொட்டியா, கெஜ்ஜா?

பிசிபி ஏர் ரைஃபிளில், அதாவது சிலிண்டரில் முன்கூட்டியே உயர் அழுத்தக் காற்றை நிரப்பிச் சுடும் ரைஃபிளில், காற்று நிற்கவில்லை என்றதும் பலர் செய்கிற முதல் வேலை, ஓ-ரிங் (காற்று கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையம்) கிட் ஒன்றை வாங்கி மொத்தத்தையும் கழற்றிப் போடுவது. எனக்கு அதில் உடன்பாடில்லை. எங்கே கசிகிறது என்று தெரியாமல் கழற்றினால், நன்றாக இருந்த ரிங்கும் மரையில் உரசி வெட்டுப்பட்டு, ஒரு கசிவு இருந்த இடத்தில் இரண்டாகிவிடும். கண்டுபிடிக்கும் வழிகளைத்தான் முதலில் ஒப்பிட வேண்டும்.

அதற்கும் முன்னால், அது கசிவுதானா என்று பாருங்கள். நிரப்பும்போது காற்று சூடாகிறது. சிலிண்டர் 35 டிகிரியில் இருக்கும்போது அழுத்தம் காட்டும் கெஜ் 200 பார் (அழுத்த அலகு) காட்டினால், 25 டிகிரிக்கு ஆறியதும் சுமார் 193 பார்தான் காட்டும், ஒரு துளி காற்றும் வெளியே போகாமலே. இன்னொன்று, முழுக்கக் காலியான ரைஃபிளை காக் செய்யாமல் (சுத்தியலைப் பின்னுக்கு இழுத்து மாட்டாமல்) நிரப்பினால், பல மாடல்களில் உள்ளே இருக்கும் சுத்தியல் ஸ்பிரிங் வால்வை அழுத்தித் திறந்தே வைத்திருக்கும். ஏற்றுகிற காற்றெல்லாம் குழல் வழியாக ஓடிவிடும். காக் செய்துவிட்டு நிரப்பினால் அந்தப் பிரச்சினை அங்கேயே முடிந்தது.

சரி, கசிவுதான் என்று வைத்துக்கொள்வோம். பாத்திரம் கழுவும் சோப்பைத் தண்ணீரில் கரைத்துச் சின்ன பிரஷ்ஷால் தடவுவது எல்லாருக்கும் தெரிந்த வழி, என் முதல் தேர்வும் அதுதான். ஆனால் தடவிவிட்டு அரை நிமிடத்தில் "ஒன்றுமில்லை" என்று எழுந்துவிடுகிறார்கள், அங்கேதான் கோட்டை விடுகிறார்கள். பெரிய கசிவு உடனே குமிழி விடும்; ராத்திரி முழுக்க 20 பார் இறங்குகிற மாதிரி மெல்லிய கசிவு, ஐந்து பத்து நிமிடம் கழித்து மரை ஓரத்தில் வெள்ளையாக, கெட்டியாக, பொடிப்பொடி நுரையாகத் திரண்டு நிற்கும். கெஜ் உட்காரும் இடம், நிரப்பும் வாய், சிலிண்டரும் உடலும் சேரும் இடம், ரெகுலேட்டருக்கு (சிலிண்டர் அழுத்தத்தைக் குறைத்து ஒரே அளவில் ஷாட்டுக்குக் கொடுக்கும் பாகம்) வெளியே விட்டிருக்கும் சின்னத் துளை, இந்த நான்கையும் தவறவிடாதீர்கள். அந்தத் துளையில் நுரை வந்தால் ரெகுலேட்டருக்குள் இருக்கும் ரிங்தான் போயிருக்கிறது, வெளியே எதை மாற்றினாலும் நிற்காது.

நுரையால் பார்க்க முடியாதது, சுடும்போது காற்றைக் குழலுக்குத் திறந்துவிடும் மெயின் வால்வு. அது கசிந்தால் காற்று குழல் வழியாகப் போகும். உள்ளே பெல்லட் இல்லை என்று உறுதிசெய்து, மேகசினை எடுத்துவிட்டு, போல்ட்டை மூடி, காக் ஆகாத நிலையில் குழல் முனையில் ஒரு பலூனை மாட்டி வையுங்கள். பலூன் எழும்பினால் கசிவது வால்வு சீட்தான், அதாவது வால்வு மூடி உட்காரும் இடம்.

தண்ணீரில் முக்குவது, சைக்கிள் கடையில் ட்யூபைத் தொட்டியில் அமுக்கிப் பார்ப்பது போலத்தான், கண்டுபிடிக்கும் திறனில் அதற்கு மிஞ்சியது இல்லை. ஆனால் முழு ரைஃபிளையும் முக்கச் சொல்பவர்களோடு நான் ஒத்துப்போக மாட்டேன். குழல் உறைக்குள்ளும் ட்ரிக்கர் பெட்டிக்குள்ளும் தங்கியிருக்கும் சாதாரணக் காற்றே பல நிமிடம் குமிழி விட்டு ஆளை ஏமாற்றும். அப்புறம் ட்ரிக்கர் ஸ்பிரிங்குகளில் துரு, கெஜ் கண்ணாடிக்குள் ஈரம். தனியாகக் கழலும் சிலிண்டராக இருந்தால் அதை மட்டும் முக்குங்கள். அப்போது கண்ணுக்குத் தெரியாத கசிவுகூட ஒரே இடத்திலிருந்து ஒழுங்காக வரும் குமிழி வரிசையாகத் தெரிந்துவிடும்.

மூன்றாவது வழிக்கு உழைப்பே இல்லை, பொறுமைதான் வேண்டும். 10 மீட்டர் போட்டி ரைஃபிள்களில் இருப்பது போல சிலிண்டர் கழலும் என்றால், நிரப்பிக் கழற்றித் தனியாக வைத்து, மறுநாள் அதே நேரத்தில் கெஜ்ஜைப் பாருங்கள். இறங்கவில்லை என்றால் சிலிண்டர் நிரபராதி, கோளாறு ரைஃபிள் பக்கம். பாதி தேடல் இதிலேயே குறைந்துவிடுகிறது. ஆனால் இடத்தைச் சொல்லாது, அதற்குத் திரும்ப நுரைக்குத்தான் வர வேண்டும். இரண்டு கெஜ் உள்ள ரைஃபிளில் ரெகுலேட்டர் பக்கத்து முள் சும்மா இருக்கும்போதே ஏறிக்கொண்டு போனால், அது வெளியே போகிற கசிவு இல்லை. ரெகுலேட்டர் சரியாக மூடவில்லை, முதல் ஷாட்டின் வேகம் மாறுவதும் அதனால்தான்.

இனி சரிசெய்வது. வால்வு சீட் என்றால் உடனே கழற்றாதீர்கள். தூசி உட்கார்ந்திருக்கலாம். முழு அழுத்தத்துக்கு நிரப்பிப் பாதுகாப்பான இடத்தில் சில ஷாட் சுட்டால் பல நேரம் தானாகவே உட்கார்ந்துகொள்ளும்.

ஓ-ரிங்கில் 70 ஷோர் (ரப்பரின் கடினத்தைக் குறிக்கும் எண்) நைட்ரைல் ரப்பர் மெத்து, கீறல் விழுந்த பரப்பிலும் பொருந்திக்கொள்ளும். ஆனால் 200 பாரில் இடைவெளிக்குள் பிதுங்கி விளிம்பு கடிபடலாம். 90 ஷோர் எளிதில் பிதுங்காது, காற்றைச் சட்டென்று வெளியேற்றும்போது ரப்பருக்குள் ஊறியிருந்த காற்று கொப்பளமாகக் கிளம்புவதையும் நன்றாகத் தாங்கும். உயர் அழுத்தப் பக்கத்துக்கு என் ஓட்டு 90-க்குத்தான். பாலியுரேத்தேன் இன்னும் உறுதியானது, ஆனால் விறைப்பாக இருப்பதால் ஆழமான பள்ளத்தில் உட்காரவைப்பது பெரும்பாடு, அதில் சில வகைகள் ஈரத்தில் நாளாவட்டத்தில் நைந்துபோகும். கடலோர ஊர்களில் கைப்பம்பால் ஈரக்காற்றை ஏற்றுபவர்கள் இதை யோசித்துக்கொள்ளுங்கள். கசிந்த ரிங்கை மட்டும் மாற்றுவதா, எல்லாவற்றையுமா? எடுத்த ரிங் வெட்டுப்பட்டிருந்தால் அதை மட்டும். வட்டம் போய்த் தட்டையாகியிருந்தால் அதே வயதுள்ள மற்றவையும் அப்படித்தான் இருக்கும், மொத்தமாக மாற்றிவிடலாம்.

பூசுவதற்கு சிலிகான் கிரீஸ் மட்டும். பெட்ரோலிய எண்ணெய் உயர் அழுத்தக் காற்றில் பற்றி வெடிக்கக்கூடியது.

எதைக் கழற்றும் முன்பும் காற்றை முழுக்க வெளியேற்றுங்கள், கெஜ் பூஜ்யம் காட்டுவதை மட்டும் நம்பிவிடாதீர்கள். 25 மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள சிலிண்டரில் 200 பார் இருந்தால் முனை மூடியைக் கிட்டத்தட்ட ஒரு டன் விசை தள்ளிக்கொண்டிருக்கிறது. மூடி வழக்கத்துக்கு மாறாக இறுக்கமாக இருந்தால் ஸ்பேனரில் பலம் போடாதீர்கள். உள்ளே காற்று மிச்சம் இருக்கிறது என்றே வைத்துக்கொண்டு, அந்த வேலை தெரிந்தவரிடம் கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள்.