ஜமைக்கா ட்ரேட்மார்க், 10 ஆண்டுகளுக்குப் பிறகு: பதிவு அருமை, முகவரிதான் தலைவலி

ஜமைக்காவில் நேரடியாகப் பதிவு செய்த ட்ரேட்மார்க்கைப் புதுப்பிக்கும் தேதி நெருங்குகிறது. "இப்போதுதான் மாட்ரிட் வழி வந்துவிட்டதே, பழைய பதிவை அப்படியே விட்டுவிடலாமா?" என்று நண்பர் ஒருவர் கேட்டார். ஒரே சர்வதேச விண்ணப்பத்தில் பல நாடுகளில் ட்ரேட்மார்க் பாதுகாப்புக் கேட்கும் முறைதான் மாட்ரிட்; அதில் கிடைப்பது சர்வதேசப் பதிவு. இப்போதைக்கு விடாதீர்கள் என்பதுதான் என் பதில். ஏன் என்று சொல்லத்தான் இவ்வளவும். விண்ணப்பம் என்றால் என்ன, வகுப்பு என்றால் என்ன என்று தெரிந்தவர்களுக்காக எழுதுகிறேன்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன், பின்னால் வருவதில் கோபம் கலந்திருக்கும். ஜமைக்காவின் ட்ரேட்மார்க் சட்டம் 1999இல் இயற்றப்பட்டு 2001இல் நடைமுறைக்கு வந்தது. பிரிட்டனின் 1994ஆம் ஆண்டுச் சட்டத்தைத் தழுவி எழுதிய தெளிவான சட்டம். பதிவு வேலை முழுவதும் தலைநகர் கிங்ஸ்டனில் உள்ள ஜமைக்கா அறிவுசார் சொத்துரிமை அலுவலகத்தில் நடக்கிறது. ஒரே விண்ணப்பத்தில் எத்தனை வகுப்புகளை (எண்ணிட்ட சரக்கு வகைகளை) வேண்டுமானாலும் சேர்க்கலாம். ஆய்வாளர் இரண்டு விஷயங்களைப் பார்க்கிறார்: பெயருக்குத் தனித்தன்மை இருக்கிறதா, ஏற்கெனவே பட்டியலில் உள்ள பெயரோடு மோதுகிறதா.

இந்த இரண்டாவது சோதனையின் அருமை ஐரோப்பிய ஒன்றியத்தில் விண்ணப்பித்தவர்களுக்குத் தெரியும். அங்கே முந்தைய பெயரோடு மோதுகிறது என்பதற்காக அலுவலகம் தானாக நிராகரிக்காது, பழைய உரிமையாளர்தான் விழித்திருந்து எதிர்க்க வேண்டும். ஜமைக்காவில் உங்கள் பெயர் பட்டியலில் இருக்கும்வரை, அதைப் போன்ற இன்னொன்று வந்தால் ஆய்வாளரே ஆட்சேபிக்கிறார். பத்து ஆண்டுகளில் இந்தப் பதிவு செய்யும் மிகப் பெரிய வேலை இதுதான். வெளியே யாருக்கும் தெரியாது, பில்லும் வராது. ஆய்வு முடிந்ததும் விளம்பரம், எதிர்ப்புக்கு 2 மாதம், எதிர்ப்பில்லாவிட்டால் பதிவு. உரிமை விண்ணப்பத் தேதியிலிருந்தே கணக்காகும், 10 ஆண்டுக்கு ஒரு முறை புதுப்பிக்கலாம்.

சரக்குப் பட்டியலை எழுதும்போதே பலர் தடுக்கி விழுகிறார்கள். ஜெர்க் என்னும் ஜமைக்கா கார மசாலாவும் மிளகாய் சாஸும் 30ஆம் வகுப்பு. டின்னில் அடைத்த அக்கிப் பழம் 29. ஆல்கஹால் இல்லாத இஞ்சி பீர் 32, ரம் 33. டானிக் ஒயினில் ஆல்கஹால் இருந்தால் அதுவும் 33, மருந்தாக விற்றால் 5. ஊறுகாயையும் சாஸையும் ஒரே லேபிளில் விற்பவர்கள் 30ஐ மட்டும் எடுத்துவிட்டு 29ஐ மறந்துவிடுகிறார்கள். பதிவான பிறகு பட்டியலைச் சுருக்கலாம், விரிக்க முடியாது. விட்டுப்போனதற்கு மறுபடி விண்ணப்பம், மறுபடி கட்டணம், அதைவிட மோசம், புதிய தேதி. அதற்காக விற்காத சரக்கையெல்லாம் அள்ளிப் போடவும் கூடாது. தொடர்ந்து 3 ஆண்டு பயன்படுத்தாத பெயரை ரத்து செய்யக் கோர வழியிருக்கிறது. "ஜமைக்கா ஜெர்க்" பதிவான புவிசார் குறியீடு என்பதையும் மறக்க வேண்டாம். லேபிளில் அதைப் பெரிய எழுத்தில் போட்டு உங்கள் பெயரின் பகுதியாக்க நினைத்தால் நடக்காது. கொடியும் அரசுச் சின்னமும் அப்படித்தான், அனுமதியில்லாமல் தொடக்கூடாது.

விண்ணப்பத்துக்கு முன் தேடுவது பதிவேட்டோடு நிற்கக் கூடாது. கம்பெனிப் பெயர்ப் பதிவு தனி அலுவலகத்தில் நடக்கிறது. அங்கே பெயர் கிடைத்ததால் ட்ரேட்மார்க் உரிமை வந்துவிடாது, அங்கே இல்லாததால் தெரு காலியாக இருக்கிறது என்றும் ஆகாது. பதிவில்லாமலே நீண்டகாலம் புழங்கிய பெயருக்கும் நீதிமன்றம் மதிப்புக் கொடுக்கும். மெக்டொனால்ட்ஸ் என்ற பெயரில் கிங்ஸ்டனில் 1970களிலிருந்தே ஓர் உள்ளூர் உணவகம் இருந்தது. அமெரிக்க நிறுவனத்துக்கும் அதற்கும் 1990களில் வழக்கே நடந்தது. உலகம் அறிந்த பெயருக்கே அந்த நிலை என்றால் மசாலாப் பொட்டலத்தின் பெயருக்கு எவ்வளவு கவனம் வேண்டும்!

இனி என் கோபத்துக்கு வருகிறேன். வெளிநாட்டு உரிமையாளர் ஜமைக்காவுக்குள் ஒரு தொடர்பு முகவரி கொடுக்க வேண்டும். பெரும்பாலும் அது வழக்கறிஞர் அல்லது ஏஜென்ட் அலுவலகத்தின் முகவரி. படிவத்தில் ஒரு வரிதான். பதிவின் உயிர் அந்த ஒரு வரியில் இருக்கிறது. ஆய்வாளரின் ஆட்சேபம், எதிர்ப்பு மனு, பயன்பாடில்லை என்று யாரோ கொடுத்த ரத்து மனு, எல்லாம் அந்த முகவரிக்குத்தான் போகும். அங்கே போய்ச் சேர்ந்தால் உங்களுக்குச் சேர்ந்ததாகவே கணக்கு. கெடுவும் ஓடத் தொடங்கிவிடும். பதில் வராவிட்டால், நீங்கள் மறுக்கவில்லை என்று எடுத்துக்கொண்டு மேலே போவார்கள்.

பத்து ஆண்டு நீண்ட காலம். அதற்குள் ஏஜென்ட் அலுவலகம் இடம் மாறும், இரண்டு நிறுவனங்கள் ஒன்றாகும், உங்கள் கோப்பைப் பார்த்தவர் வேலையை விட்டுப்போவார், உங்கள் பக்கத்திலும் மின்னஞ்சல் மாறும். புதுப்பிக்கும் ஆண்டு வரை பணம் எதுவும் வராத கோப்பை யாரும் தினமும் திறந்து பார்ப்பதில்லை. சட்டத்தில் ஓட்டையில்லை, அலுவலகத்தின் மீதும் குறையில்லை. ஆனாலும் இந்தப் பதிவுகள் சாகும்போது பெரும்பாலும் இப்படித்தான் சாகின்றன, எதிரியின் வாதத்தால் அல்ல, பிரிக்கப்படாத ஒரு கடிதத்தால். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு ஆறவில்லை.

மருந்து எளிது, செய்பவர்கள்தான் குறைவு. ஆண்டுக்கு ஒரு முறை ஏஜென்டுக்கு எழுதி மூன்று கேள்வி கேளுங்கள்: பதிவேட்டில் இன்றைக்கு இருக்கும் தொடர்பு முகவரி எது, உரிமையாளர் பெயர் எப்படி எழுதப்பட்டிருக்கிறது, அடுத்த கெடு எந்தத் தேதி. பதிலைப் பதிவேட்டின் நகலோடு கேளுங்கள், வாய்வார்த்தை போதாது. பிரைவேட் லிமிடெட் ஆனது, பங்குதாரர் பிரிந்தது, அலுவலகம் மாறியது எதுவாக இருந்தாலும் உடனே பதிவேட்டில் திருத்தம் போடுங்கள். புதுப்பிக்கும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால், அன்றைக்கு உரிமை கைமாறிய சங்கிலியின் நடுவில் ஒரு கண்ணி காணாமல் போயிருக்கும், பழைய பங்குதாரரின் கையெழுத்துக்கு அலைய வேண்டும். ஏஜென்டை மாற்றினால் புது அதிகாரப் பத்திரம் கொடுத்ததோடு வேலை முடியவில்லை. முகவரியும் மாறியதா என்று பதிவேட்டைப் பார்த்தே உறுதி செய்ய வேண்டும். ஜூன் முதல் நவம்பர் வரை புயல் காலம், கெடுவைக் கடைசி வாரத்துக்குத் தள்ளாதீர்கள். சரக்கு எடுக்கும் உள்ளூர் விநியோகஸ்தரின் முகவரியைக் கொடுப்பது மலிவாகத் தோன்றும். செய்யாதீர்கள். உறவு கசந்த அன்று கடிதமெல்லாம் அவர் மேசையில் இருக்கும். பெயரையே அவர் பெயரில் பதிவு செய்ய விட்டவர்களும் உண்டு. ட்ரேட்மார்க் போன்றவற்றுக்கான சர்வதேச ஒப்பந்தமான பாரிஸ் உடன்படிக்கையில் அதற்குப் பரிகாரம் இருக்கிறது, ஆனால் வழக்குச் செலவு பதிவுச் செலவைப் போலப் பல மடங்கு.

பெரிய தொழில்நுட்ப நிறுவனங்கள் ஜமைக்காவைத் தேடிப் போன கதை பலருக்குத் தெரிந்திருக்கும். ஆப்பிள் "ஐவாட்ச்" பெயருக்கு 2012 டிசம்பரில் முதலில் விண்ணப்பித்தது அங்கேதான். பதிவேட்டை அப்போது இணையத்தில் துழாவ முடியாது, அதனால் பெயர் எளிதில் வெளியே தெரியாது. பாரிஸ் உடன்படிக்கைப்படி 6 மாதத்துக்குள் மற்ற நாடுகளில் விண்ணப்பித்தால் ஜமைக்கா தேதியே செல்லும். அவர்களுக்குத் தேவை ஒரு தேதி மட்டும், எடுத்துக்கொண்டு போய்விடலாம். அலமாரியில் சரக்கு வைத்து விற்பவருக்குத் தேதி மட்டும் போதாது.

நண்பரின் கேள்விக்கு வருவோம். 2022 மார்ச் 27 முதல் ஜமைக்கா மாட்ரிட் முறையில் இருக்கிறது. பக்கத்தில் ஆன்டிகுவா 2000இலேயே சேர்ந்துவிட்டது, டிரினிடாட் 2021இல், பெலிஸ் 2023இல். தீவுக்குத் தீவு தனி ஏஜென்ட் வைத்த காலத்தை நினைத்தால் இது வரம்தான். அடிப்படைக் கட்டணம் கறுப்பு வெள்ளைக்கு 653 சுவிஸ் பிராங்க், வண்ணத்துக்கு 903. பிறகு ஒரு நாட்டைச் சேர்க்க 300 பிராங்கும் அந்த நாட்டுக்கான கட்டணமும். புதுப்பிக்க ஒரே தேதி, ஒரே இடம். கடிதங்கள் மின்னஞ்சலில் நேராக உங்களுக்கே வரும். நிராகரிப்பு வந்தாலொழிய உள்ளூர் ஏஜென்ட் தேவையில்லை. நான் மேலே திட்டிய முகவரித் தொல்லை பாதிக்கு மேல் தீர்ந்துவிடுகிறது.

பிறகு ஏன் பழையதை விடக் கூடாது? மாட்ரிட் முறைக்கு அடிப்படையான ஒப்பந்தமான மாட்ரிட் நெறிமுறையின் 4பிஸ் பிரிவு, சர்வதேசப் பதிவு பழைய உள்நாட்டுப் பதிவின் இடத்தைத் தானாகவே எடுத்துக்கொள்ளும் என்கிறது. உரிமையாளர் அதே ஆளாக இருக்க வேண்டும், குறி அதுவாகவே இருக்க வேண்டும், உள்நாட்டுப் பட்டியலின் சரக்கு சர்வதேசப் பட்டியலிலும் இருக்க வேண்டும். பழைய பதிவில் இருந்து புதியதில் இல்லாத சரக்குக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. உரிமையாளர் பெயரில் ஓர் எழுத்து மாறியிருந்தாலும் விவாதத்துக்கு இடம் கிடைக்கும். எனவே இரண்டு பட்டியலையும் வரிக்கு வரி ஒப்பிடாமல் முடிவெடுக்காதீர்கள். ஜமைக்கா அலுவலகம் இதைப் பதிவேட்டில் குறித்துக்கொள்ளக் கேட்கலாம், கேட்டுவிடுவது நல்லது.

இதைவிடப் பெரிய ஆபத்து ஐந்தாண்டுச் சார்பு. சர்வதேசப் பதிவு, தேதியிலிருந்து 5 ஆண்டு வரை, சொந்த நாட்டு அடிப்படைப் பதிவைச் சார்ந்தே நிற்கும். இந்திய விண்ணப்பத்தை அடிப்படையாக வைத்திருந்தால், அதற்கு அங்கே எதிர்ப்பு வந்து தோற்றால் ஜமைக்காவும் சேர்ந்து விழும். பிறகு 3 மாதத்துக்குள் உள்நாட்டு விண்ணப்பமாக மாற்றிக்கொள்ளலாம். ஆனால் அதற்கு மறுபடி உள்ளூர்க் கட்டணம், மறுபடி உள்ளூர் முகவரி. அதற்குள் காலாவதியாக விட்ட பழைய பதிவின் தேதி திரும்பக் கிடைக்கும் என்று நம்பி இருக்க முடியாது. 5 ஆண்டு என்பது சர்வதேசப் பதிவின் தேதியிலிருந்து எண்ணப்படுகிறது, ஜமைக்காவைச் சேர்த்த தேதியிலிருந்து அல்ல. அந்த 5 ஆண்டு தாண்டும்வரை இரண்டையும் வைத்திருங்கள்.

துறைமுகத்திலும் வித்தியாசம் தெரியும். போலிச் சரக்கு ஜமைக்காவில் நிஜப் பிரச்சினை. கிளார்க்ஸ் காலணிக்கு அந்தத் தீவில் இருக்கும் மோகத்தால் போலி கிளார்க்ஸ் பிடிபடும் செய்தி வந்துகொண்டே இருக்கும். சுங்க ஆணையருக்கு எழுத்தில் அறிவிப்புக் கொடுத்து வைத்தால் சந்தேகச் சரக்கை நிறுத்துவார்கள். சான்றிதழ் நகல், அசலுக்கும் போலிக்கும் உள்ள வித்தியாசம் படத்தோடு, இறக்குமதிக்கு அனுமதி பெற்றவர்கள் யார், எந்த நேரத்திலும் எடுக்கும் ஒரு தொலைபேசி எண், இத்தனையும் அதில் வேண்டும். உலக வர்த்தக அமைப்பின் அறிவுசார் சொத்துரிமை ஒப்பந்தமான ட்ரிப்ஸ் உடன்படிக்கைக் கணக்குப்படி 10 வேலை நாளுக்குள் உரிமையாளர் நடவடிக்கை தொடங்க வேண்டும், தேவையானால் இன்னும் 10. அதற்குள் ஒருவர் கிங்ஸ்டனில் போய்ப் பெட்டியைத் திறந்து பார்த்து, போலிதான் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். மாட்ரிட் பதிவு மட்டும் வைத்திருப்பவர் அன்றைக்குத்தான் ஏஜென்டைத் தேடத் தொடங்குவார், பாதி நாள் அதிலேயே போய்விடும். குடோன் வாடகையும் அழிப்புச் செலவும் உரிமையாளர் தலையில் விழலாம், முன்கூட்டியே ஒதுக்கி வையுங்கள்.

விலை, வசதி, புதுப்பிப்பு என்று எந்த வரிசையில் மதிப்பெண் போட்டாலும் மாட்ரிட்தான் முந்தும். அதை மறுக்க என்னிடம் வாதமில்லை. பெயரைச் சும்மா காத்து வைக்க மட்டும் வேண்டுமென்றால் அதையே எடுங்கள். ஜமைக்காவில் நிஜமாகவே சரக்கு விற்கிறவர்கள், ஏஜென்டுகளைப் பற்றி இவ்வளவு புலம்பிய பிறகும் சொல்கிறேன், நேரடிப் பதிவை வைத்திருங்கள், அந்த ஏஜென்டுக்கும் பணம் கொடுங்கள். நண்பர் இந்த வாரமே செய்ய வேண்டியது: பதிவேட்டு நகல் வாங்கி முகவரி வரியைச் சரிபார்த்துவிட்டு, புதுப்பிப்புக் கட்டணத்தைக் கெடுவுக்கு முன்பே கட்டிவிடுவது. தாமதக் கட்டணத்தோடு 6 மாதச் சலுகை உண்டுதான், அதை நம்பி இருக்க வேண்டாம்.