பழைய சிலிக்கோனைச் சுரண்டாமல் மேலே பூசிவிட்டுப் போனார்கள்: 6,400 ரூபாய் போய்விட்டது

இரவு பதினொன்றரை மணிக்கு இதை எழுதுகிறேன். சற்று முன்புதான் செல்பேசியில் செய்தி வந்தது: "உங்கள் புகார் தீர்க்கப்பட்டது." எதுவும் தீர்க்கப்படவில்லை. யாரும் வந்து பார்க்கக்கூட இல்லை. 6,400 ரூபாயில் ஒரு ரூபாய் திரும்பவில்லை. குளியலறையில் சீலன்ட் (இடுக்குகளில் தண்ணீர் இறங்காமல் அடைக்கும் சிலிக்கோன் போன்ற பூச்சு) மாற்ற நினைத்திருப்பவர்கள் பணத்தைக் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். அந்த வேலையைச் சரியாகச் செய்வது எப்படி என்றும் கடைசியில் எழுதுகிறேன்.

வேளச்சேரியில் இரண்டாவது மாடியில் இருக்கிறோம். வீடு கட்டிப் பதினோரு ஆண்டுகள் ஆகின்றன. ஷவர் பக்கத்துக் கண்ணாடித் தடுப்பு தரையோடு சேரும் இடத்திலும், இரண்டு வாஷ்பேசின்கள் சுவரோடு சேரும் இடத்திலும், சமையலறைத் தொட்டியின் விளிம்பிலும் பூசியிருந்த வெள்ளை சிலிக்கோன் கறுத்துப்போய் ஆங்காங்கே விட்டுவிட்டது. அந்த இடுக்கு வழியாகத் தண்ணீர் இறங்கி, கீழ்வீட்டுக் கூரையில் தாம்பாளம் அளவுக்கு ஈரக்கறை படிந்தது. கீழே இருப்பவர் ஓய்வுபெற்ற ஆசிரியர். சத்தம் போடுகிறவர் இல்லை. "மழைக்காலத்துக்குள் பார்த்துவிடுங்கள் அம்மா" என்று இரண்டு முறை மாடியேறி வந்து சொன்னார். எனக்கு மிகவும் சங்கடமாக இருந்தது.

தெரிந்த பிளம்பர் ஊருக்குப் போயிருந்தார். அதனால், வீட்டு வேலைகளுக்கு ஆள் அனுப்பும் ஒரு செயலியில் பதிவு செய்தேன். "பழைய சீலன்ட் முழுமையாக நீக்கப்படும், பூஞ்சை பிடிக்காத சிலிக்கோன் பூசப்படும், 30 நாள் உத்தரவாதம்" என்று போட்டிருந்தது. கூலி 3,850 ரூபாய். சிலிக்கோன் டியூப் ஒன்று 850 ரூபாய் வீதம் மூன்று. மொத்தம் 6,400 ரூபாய். அதிகம்தான். ஆனால் பழையதை முழுமையாக நீக்குவார்கள் என்ற அந்த ஒரு வரிக்காகவே சம்மதித்தேன்.

சனிக்கிழமை காலை சொன்ன நேரத்துக்கு வந்தார். இருபத்தைந்து வயது இருக்கும். சீருடை, கையுறை, வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுக் காலுக்கு உறை. குளியலறையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கறுத்த கோட்டின் மேல் நகத்தை ஓட்டினார். பிறகு சின்னக் கத்தியால் ஒரு விரல் நீளத்துக்கு அறுத்து, அந்தத் துண்டை என் உள்ளங்கையில் வைத்தார். "பாருங்கள் அக்கா, அடி வரைக்கும் பூஞ்சை ஏறியிருக்கிறது. இதை வேரோடு எடுக்காமல் மேலே பூசினால் ஒரு மாதம்கூட நிற்காது" என்றார். அந்த நொடியில் நான் நம்பிவிட்டேன். வேலை தெரிந்தவன்தானே இப்படிப் பேசுவான்? "நீங்கள் கூடத்தில் இருங்கள் அக்கா, தூசு பறக்கும், அம்மாவுக்கு ஆகாது" என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டார். என் மாமியாருக்கு மூச்சிரைப்பு உண்டு. அவரையும் நினைத்துப் பேசுகிறானே என்று காபி போட்டுக் கொடுத்தேன். அந்தக் காபியை நினைத்தால்தான் இப்போது வயிறு எரிகிறது.

ஒன்றரை மணி நேரத்தில் எல்லா இடமும் முடிந்துவிட்டது என்றார். போய்ப் பார்த்தேன். பளிச்சென்று வெள்ளைக் கோடு, நூல் பிடித்தாற்போல் இருந்தது. "நான்கு மணி நேரம் கழித்துக் குளிக்கலாம்" என்றார். வேலை முடிந்ததற்கான குறியீட்டு எண்ணைக் கேட்டார், சொன்னேன். ஐந்து நட்சத்திரம் போடச் சொன்னார், போட்டேன். 6,400 ரூபாய் போய்விட்டது.

ஒன்பதாம் நாள் மாமியாரைக் குளிக்க வைத்துவிட்டுத் தரையைத் துடைத்தேன். துணியோடு சேர்ந்து வெள்ளையாக ஏதோ வந்தது. ஆறிய பாலின் மேல் ஆடை எடுப்பதுபோல், இழுக்க இழுக்க ஒரு முழ நீளத்துக்கு உரிந்து வந்தது. அடியில் அதே பழைய கறுப்பு சிலிக்கோன், கத்தி படாமல் அப்படியே இருந்தது. அவர் அறுத்தது என் கையில் வைத்துக் காட்டிய அந்த ஒரு விரல் நீளத்தை மட்டும்தான். வாஷ்பேசினிலும் அதே கதை. சமையலறைத் தொட்டியிலும் அதே கதை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

அதோடு முடியவில்லை. குளியலறை ஜன்னல் திட்டில் ஒரு காலி டியூப் கிடந்தது. அதையும் உரிந்த துண்டையும் எடுத்துக்கொண்டு பக்கத்துத் தெரு ஹார்டுவேர் கடைக்குப் போனேன். கடைக்காரர் துண்டில் இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டு விரலுக்கு நடுவில் தேய்த்தார். விரல் வெள்ளையாயிற்று. "இது சிலிக்கோனே இல்லை அம்மா, அக்ரிலிக். சுவர் விரிசலில் பூசி மேலே பெயின்ட் அடிப்பதற்கு உள்ளது. எந்நேரமும் தண்ணீர் படுகிற இடத்தில் நிற்காது" என்றார். டியூபின் மேலும் அக்ரிலிக் என்றே அச்சடித்திருந்தது. 850 ரூபாய் என்று எனக்குக் கணக்கெழுதிய டியூப் அது. குளியலறைக்கு உரிய நல்ல சிலிக்கோனே அந்தக் கடையில் அதில் பாதி விலைக்கும் குறைவு. இன்னொன்றும் சொன்னார்: காய்ந்துபோன பழைய சிலிக்கோனின் மேல் எதுவும் ஒட்டாது, புதிய சிலிக்கோனே ஒட்டாது. இதையேதானே அந்தப் பையனும் என் கையில் துண்டை வைத்துக்கொண்டு சொன்னார்! தெரிந்தே செய்திருக்கிறார்.

அதற்குப் பிறகு பட்ட பாடு தனி. வந்தவரின் எண் வேலை முடிந்த அன்றே வேலை செய்யாமல் போய்விட்டது. செயலியில் எழுதினால் "உங்கள் சிரமத்திற்கு வருந்துகிறோம்" என்று ஒரே வரி. படம் கேட்டார்கள், பதினான்கு படங்கள் அனுப்பினேன். முதலில் பேசிய பெண், காய்வதற்குள் தண்ணீர் பட்டிருக்கும் என்றார். நான்கு மணி நேரம் போதும் என்றது உங்கள் ஆள்தானே என்றேன். இணைப்பு துண்டிக்கப்பட்டது. அடுத்தவர், உத்தரவாதம் கூலிக்குத்தான், பொருளுக்கு இல்லை என்றார். மூன்றாமவர், கட்டடத்தில் ஈரம் இருப்பதால் நாங்கள் பொறுப்பல்ல என்றார். நேற்று நான்காமவர் பேசினார். "நீங்களே ஐந்து நட்சத்திரம் கொடுத்திருக்கிறீர்களே மேடம்" என்றவர், அடுத்த வேலைக்கு 500 ரூபாய் தள்ளுபடி தருவதாகச் சொன்னார். 6,400 ரூபாயை வாங்கிக்கொண்டு, மறுபடியும் அவர்களுக்கே வேலை கொடுக்கச் சொல்லி 500 ரூபாய்! வேண்டாம் என்றேன். அதைத்தான் "தீர்க்கப்பட்டது" என்று எழுதி முடித்திருக்கிறார்கள். இதற்கிடையில் கீழ்வீட்டுக் கறை இன்னும் அகலமாகிவிட்டது. இன்று மாலை படிக்கட்டில் அந்த ஆசிரியரைப் பார்த்தபோது என்னால் நிமிர்ந்து பேச முடியவில்லை.

வேலையைச் சரியாகச் செய்வது எப்படி என்று எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். இப்போது விரிவாக எழுதப் பொறுமை இல்லை. முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். கதவைச் சாத்த விடாதீர்கள், பக்கத்தில் நின்று பாருங்கள். பழையது முழுவதும் வெளியே வந்து, டைல் தெரிந்து, ஸ்பிரிட்டால் துடைத்து, இடுக்கு நன்றாகக் காய்ந்த பிறகுதான் புதியதைப் பூச வேண்டும். டியூபைப் பிரிப்பதற்கு முன் வாங்கிப் படியுங்கள். அக்ரிலிக் என்றிருந்தால் திருப்பி அனுப்புங்கள். காலி டியூபையும் எடுத்து வையுங்கள். பூசிய பிறகு 24 மணி நேரமாவது தண்ணீர் படக்கூடாது. ஒரே குளியலறை உள்ளவர்கள் அதற்கு ஏற்பாடு செய்துகொண்டு ஆளைக் கூப்பிடுங்கள். குளியல் தொட்டி இருந்தால் அதில் தண்ணீர் நிரப்பி வைத்துக்கொண்டு பூச வேண்டுமாம், இல்லாவிட்டால் பிறகு பாரத்தில் தொட்டி இறங்கும்போது பூச்சு விட்டுவிடும் என்று கடைக்காரர் சொன்னார். குறியீட்டு எண்ணை அவசரப்பட்டுக் கொடுக்காதீர்கள். நட்சத்திரமும் அன்றே போடாதீர்கள், அதையே நமக்கு எதிராகத் திருப்புகிறார்கள்.

காலையில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கப் போகிறேன். அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை, இணையத்திலேயே தாக்கல் செய்யலாம். உரிந்த துண்டையும் அந்தக் காலி டியூபையும் பில்லோடு சேர்த்து உறையில் போட்டு பீரோவில் பூட்டி வைத்திருக்கிறேன்.