மணாலி–லே சைக்கிள் டூர் புக் பண்றவங்க இத படிச்சுட்டு பணம் அனுப்புங்க, 84,000 விட்டுட்டு வந்திருக்கேன்

ஊர் வந்து எட்டு நாள் ஆச்சு. இன்னைக்கு காலைல என் நம்பர பிளாக் பண்ணிட்டாங்க, அதான் இப்பவே எழுதிடுறேன், கோவம் ஆறிப்போச்சுன்னா நானும் போனா போகுதுன்னு விட்டுடுவேன், அவங்க எதிர்பாக்குறதும் அதத்தான். புக் பண்றதுக்கு முன்னாடி என்னென்ன பாக்கணும்னு கடைசில விவரமா சொல்றேன், முதல்ல நடந்தத கேளுங்க.

போனது நானும் அக்கா பையனும். அவனுக்கு 23. ரெண்டு பேரும் ரெண்டு வருஷமா ஞாயித்துக்கிழமை தவறாம நூறு கிலோமீட்டர் மிதிக்கிறவங்க, மணாலில இருந்து லடாக்ல இருக்குற லே வரைக்கும் சைக்கிள்ல போகணும்ங்கறது அவனோட ஆசை. தனியா போக வேணாம், அந்த ஊர்க்காரங்களே கூட வந்தா நல்லதுன்னு சொன்னது நான்தான். அங்கயே கடை வச்சுக்கிட்டு ஆன்லைன்ல புக்கிங் எடுக்குற லோக்கல் கைடு டீம் ஒண்ணு. பேர் போடல, கம்ப்ளெயின்ட் கொடுக்கப் போறேன். பத்து நாள், ஆளுக்கு 42,000, ரெண்டு பேருக்கு 84,000. இதுல சைக்கிள், டென்ட், சாப்பாடு, கூடவே மிதிச்சு வர்ற கைடு, பின்னாடி ஒரு பேக்கப் வண்டி, அதுல மெக்கானிக், ஆக்சிஜன் சிலிண்டர் எல்லாம் அடக்கம்னு எழுத்துல இருக்கு, இப்பவும் என் போன்ல இருக்கு.

நான் எப்படி நம்புனேன்னு சொல்லணும், ஏன்னா நீங்களும் அப்படித்தான் நம்புவீங்க. மணாலி போய் இறங்குன அன்னைக்கு சாயங்காலம் அந்த டீம் ஆள் எங்கள கடைக்கு கூப்பிட்டாரு. அக்கா பையன சைக்கிள் பக்கத்துல நிக்க வச்சு, இடுப்பெலும்ப தொட்டுப் பாத்து சீட் உயரத்த வச்சாரு. பின்சக்கரத்த சுத்தி விட்டு, லேசா ஆட்டம் இருக்குன்னு சொல்லிட்டு தரையில உக்காந்து ஒவ்வொரு கம்பியா சாவி போட்டு முறுக்குனாரு, அரை மணி நேரம், நிமிர்ந்துகூட பாக்கல. கை முழுக்க கிரீஸ். அப்புறம் எங்க ரெண்டு பேர் விரல்லயும் ஆக்சிஜன் மீட்டர மாட்டி ஒரு நோட்டுல எழுதிக்கிட்டாரு. பதினஞ்சு சீசனா இந்த ரோட்லதான் இருக்கேன், உங்க பையன் என் தம்பி மாதிரின்னாரு. இவ்வளவு அக்கறையா பாக்குற மனுஷன் ஏமாத்துவான்னு எந்த மனசுக்குத் தோணும்?

பாதிப் பணம் 42,000 முன்னாடியே அனுப்பியாச்சு. மீதி 42,000 லேல கொடுக்குறதாத்தான் பேச்சு. கிளம்புற அன்னைக்கு காலைல ஆறு மணிக்கு, சைக்கிள்ல பாட்டில் எல்லாம் மாட்டி ரெடியா நிக்கிறோம், வர்றாரு, சார் வழியில சாமான் வாங்கணும், மீதியையும் இப்பவே போட்டுடுங்க, என் அக்கவுன்ட்ல இன்னைக்கு லிமிட் முடிஞ்சுபோச்சு, மச்சான் நம்பர் தர்றேன்னாரு. ஸ்கிரீன்ல வேற யாரோ பேர் வந்துச்சு. ஒரு செகண்ட் விரல் நின்னுச்சு. முந்தின நாள் அந்த கிரீஸ் கைய பாத்தேன்ல, அதனால போட்டுட்டேன். 84,000 முழுசா போய்ச் சேர்ந்துச்சு.

கூட வர்றேன்னு சொன்ன அவரு வரவே இல்ல. ஒரு சின்னப் பையன அனுப்பிட்டு, ரோதாங் கணவாய்ல பிடிச்சுடுறேன்னாரு. ரோதாங் 3,978 மீட்டர், ரெண்டாவது நாள் மூச்சு வாங்க ஏறுனோம், அங்கயும் ஆளக் காணோம். கேலாங் தாண்டினதும் அந்தப் பையனே சொல்றான், நான் இதுக்கு மேல போனதே இல்ல அண்ணான்னு. தினக்கூலிக்கு கூட்டிட்டு வந்திருக்காங்க. அவன் மேல எனக்கு கோவமே இல்ல, பாவம், தன் ஜாக்கெட்ட கழட்டி என் மருமகனுக்கு போத்தி விட்டவன். பேக்கப் வண்டியும் எங்களுக்கு மட்டும் இல்ல, மோட்டார்பைக் குரூப் ஒண்ணோட சாமான தூக்கிட்டு அது எங்களுக்கு முன்னாடியே போயிடும், மெக்கானிக்னு ஒருத்தரையும் நான் கண்ணால பாக்கல.

உயிர் போற விஷயம் இனிமேதான். அவங்க கொடுத்த பிளான்ல ஜிஸ்பாவுக்கு அப்புறம் ஜிங்ஜிங்பார்ல ஒரு ராத்திரி தங்கணும். அங்க டென்ட்டே போடல. சர்ச்சுங்கற இடத்துலதான் போட்டிருக்கு, இன்னைக்கே போயிடணும்னு வண்டி டிரைவர் சொல்லிட்டு கிளம்பிட்டாரு. ஜிஸ்பா 3,200 மீட்டர் சுமாருக்கு, சர்ச்சு 4,200க்கு மேல. 3,000 மீட்டர் தாண்டிட்டா தூங்குற உயரத்த ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல ஏத்தக்கூடாதுன்னு மலை ஏறுற எல்லாருக்கும் தெரியும், பதினஞ்சு சீசன் பாத்தவருக்குத் தெரியாதா? நடுவுல பாராலாச்சா கணவாய், 4,800க்கு மேல. ஏறி முடிச்சு அந்தப் பக்கம் இறங்குறப்ப என் பின் பிரேக் கிரீச்னு கத்த ஆரம்பிச்சுது, நிறுத்திப் பாத்தா பேட்ல ஒண்ணுமே இல்ல, வெறும் தகடு டிஸ்க்க உரசி நீலம் பாரிச்சுக் கெடக்கு. அரை மணி நேரம் உக்காந்து சக்கரத்த நேராக்குன மனுஷன் பிரேக்க ஒரு தடவ குனிஞ்சு பாக்கல. முன் பிரேக்க மட்டும் வச்சு, பாதி தூரம் தள்ளிக்கிட்டே போய்ச் சேர்ந்தேன்.

சர்ச்சுல ராத்திரி ஒன்பது மணிக்கு, மாமா தலை பிளக்குதுன்னான். வாந்தி. ஷூ லேஸ் கட்டச் சொன்னா கயிற பாத்துக்கிட்டே உக்காந்திருக்கான், எழுப்பி நடக்க விட்டா குடிச்சவன் மாதிரி சாயுறான். மூளையில நீர் கோக்குறதுக்கு அதுதான் அடையாளம், உடனே கீழ இறக்கணும். ஓடிப்போய் வண்டியில இருந்த சிலிண்டர திறந்தா முள்ளு ஜீரோல நிக்குது. மணாலில போட்டோ எடுத்து அனுப்புன அதே சிலிண்டர். கேலாங்ல ரொப்பச் சொல்லியிருந்தாங்க, மறந்துட்டேன்னு டிரைவர் சொல்றாரு, வண்டிய எடுங்கன்னா காலைல பைக் குரூப்ப சர்ச்சு தாண்டி இருக்குற பாங்ல பாக்கணும், முடியாதுங்கறாரு. சர்ச்சு ஒரு பொறி மாதிரிங்க, எந்தப் பக்கம் போனாலும் இன்னும் மேல ஏறித்தான் இறங்க முடியும். அதனாலதான் உடம்ப பழக்காம அங்க கொண்டுபோய்ப் படுக்க வைக்கவே கூடாது. பக்கத்து கேம்ப்ல இருந்த ஒரு டாக்ஸிக்காரர் எழுந்து வந்தாரு, அவங்ககிட்ட இருந்த ஒரு சின்ன ஆக்சிஜன் கேனையும் கொடுத்தாங்க, ராத்திரியோட ராத்திரியா பாராலாச்சாவ திரும்பத் தாண்டி கேலாங் ஆஸ்பத்திரில சேத்தோம். வண்டிக்கு 9,000 ஆச்சு, அதை நான் கணக்குலயே எடுக்கல, அந்த மனுஷனுக்கு இன்னும் கொடுத்திருக்கணும். வழி முழுக்க, இவனுக்கு ஒண்ணு ஆச்சுன்னா அக்கா முகத்துல எப்படி முழிப்பேன்னுதான் ஓடிக்கிட்டே இருந்துச்சு. பையன் பொழச்சுட்டான், நல்லா இருக்கான்.

அதுக்கப்புறம் பணம் கேட்டப்ப நடந்தத கேளுங்க. பத்து நாள் டூர்ல அஞ்சு நாள்தான் ஆகியிருந்துச்சு. முதல் போன்ல, தம்பி எப்படி இருக்கான், அதுதான் முக்கியம், பணம் எங்க போயிடப் போகுதுன்னாரு. ரெண்டாவது தடவ, கணக்குப் பாக்குறவரு லீவு, திங்கக்கிழமை பேசுங்க. திங்கக்கிழமை, சீசன் சார், மூச்சு விட நேரமில்ல. அப்புறம் ஒரு மெசேஜ், நீங்களா பாதில விட்டுட்டுப் போனா ரீஃபண்ட் கிடையாது, அடுத்த வருஷம் வந்தா பத்து பர்சென்ட் கம்மி பண்றோம்னு. நாங்களா விட்டுட்டுப் போனோமாம்! காலி சிலிண்டர், பிரேக் ரெண்டுத்தோட போட்டோவையும் அனுப்புனேன், பாத்துட்டு பதில் இல்ல. ரெண்டாவது 42,000 பத்திக் கேட்டா, அந்த அக்கவுன்ட் எங்களோடதே இல்ல, யாருக்கு அனுப்புனீங்களோ அவங்ககிட்ட கேளுங்கன்னு ஒரு வரி. இன்னைக்கு பிளாக். 84,000ல ஒரு ரூபா திரும்பல.

விவரமா சொல்றேன்னேன், கை நடுங்குது, முக்கியமானத மட்டும் சொல்றேன். முழுப் பணத்தையும் முன்னாடி கொடுக்காதீங்க. வேற பேர் வந்தா அனுப்பவே அனுப்பாதீங்க. இமாச்சல்ல டிராவல் ஏஜென்ட், கைடு எல்லாம் சுற்றுலாத்துறைல பதிவு பண்ணியிருக்கணும், பதிவு நம்பர கேளுங்க. கூட வரப்போற கைடு யார்னு முந்தின நாளே பாத்துடுங்க. சிலிண்டர் முள்ள நீங்களே பாருங்க, பிரேக் பேட்ட டார்ச் அடிச்சுப் பாருங்க. ஏமாந்துட்டா 1915 கன்ஸ்யூமர் ஹெல்ப்லைன், புகார நம்ம மாவட்ட நுகர்வோர் கமிஷன்லயே கொடுக்கலாம், அங்க போய் அலைய வேண்டியதில்ல, அஞ்சு லட்சம் வரைக்கும் கட்டணமும் கிடையாது.

என்கிட்ட அந்த பேக்கப் வண்டி நம்பர் இல்ல. ஜூலை ரெண்டாவது வாரம் ஜிஸ்பா, சர்ச்சு பக்கம் பைக்ல போன நம்மாளுங்க யாராவது இருந்தா, வெள்ளை வண்டி, மேல நாலு சைக்கிள் மாட்டுற கேரியர், பின் கண்ணாடில விரிசல், உங்க போட்டோல அது எங்கயாவது விழுந்திருந்தா எனக்கு அனுப்புங்க.