பேரியம் டைட்டனேட்டா, போரான் நைட்ரைடா? மின்தேக்கிப் படலத்தில் எதைக் கலப்பது

மின்சாரக் காரின் பேட்டரியைப் பற்றி எல்லோரும் பேசுகிறோம். பேட்டரிக்கும் மோட்டாருக்கும் நடுவே, நேர்மின்சாரத்தை மாறுமின்சாரமாக்கும் இன்வெர்ட்டரில் வேலை செய்யும் மின்தேக்கியை (மின்னாற்றலைத் தேக்கிவைத்து உடனே திருப்பித் தரும் கருவி) யாரும் கவனிப்பதில்லை. அதற்குள் இருப்பது இரண்டு மூன்று மைக்ரான் தடிமனுள்ள பாலிபுரோப்பிலீன் படலம். மைக்ரானுக்கு 600 வோல்ட் வரை தாங்கும். ஏற்றிய ஆற்றலை ஏறக்குறைய முழுதாகத் திருப்பித் தரும். ஆனால் அதன் ஒப்புமை விடுதிறன், அதாவது வெற்றிடத்தோடு ஒப்பிட்டால் ஒரே மின்புலத்தில் எத்தனை மடங்கு ஆற்றலைத் தேக்கும் என்ற அளவு, வெறும் 2.2. 105 டிகிரி செல்சியஸைத் தாண்டிய சூடும் அதற்கு ஒத்துக்கொள்ளாது.

இதை மிஞ்சத்தான் பாலிமருக்குள் நானோ துகள்களைக் கலந்து பார்க்கிறார்கள். எதைக் கலப்பது என்பதில் இரண்டு கட்சிகள் உண்டு.

முதல் கட்சியின் தேர்வு பேரியம் டைட்டனேட் என்ற பீங்கான் வகைப் பொருள். அதன் விடுதிறன் ஆயிரத்துக்கும் மேல். விடுதிறன் 10 அளவில் உள்ள பிவிடிஎஃப் போன்ற பாலிமரில் கலந்தால், கலவையின் விடுதிறன் நன்றாகவே ஏறும். சரி, ஆற்றல் ஏறுகிறதா? சேமிக்கும் ஆற்றல் விடுதிறனுக்கு நேர்விகிதத்திலும், மின்புலத்தின் (ஒரு மைக்ரான் தடிமனுக்கு எத்தனை வோல்ட் என்பதன்) வர்க்கத்துக்கு நேர்விகிதத்திலும் இருக்கிறது. விடுதிறனை நான்கு மடங்காக்கி, தாங்கும் மின்புலம் பாதியானால் கையில் மிஞ்சுவது பழைய ஆற்றல்தான். நடைமுறையில் அடிக்கடி நடப்பதும் இதுவே.

துகளுக்கும் பாலிமருக்கும் விடுதிறன் வேறுபாடு மிகப் பெரிது. அதனால் மின்புலம் துகளுக்குள் குறைந்து, அதை ஒட்டிய பாலிமரில் குவிகிறது. மின்காப்பு முறிவு, அதாவது படலம் தாங்காமல் மின்சாரம் துளைத்துக்கொண்டு பாய்வது, அங்கே தொடங்குகிறது. போதாததற்குத் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகும். மூன்று மைக்ரான் படலத்தில் ஒரு மைக்ரான் கட்டி என்றால் தடிமனில் மூன்றில் ஒரு பங்கு போச்சு! 2007-இல் ஜார்ஜியா டெக் ஆய்வாளர்கள் துகளின் மேல் பாஸ்போனிக் அமில மூலக்கூறுகளைப் பூசிக் கட்டி பிடிப்பதைக் குறைத்தார்கள். அழகான வேதியியல் அது. ஆனாலும் விடுதிறன் வேறுபாடு அப்படியே இருக்கிறது. பிவிடிஎஃப் தன் பங்குக்கு, ஏற்றிய ஆற்றலில் ஒரு பகுதியை வெப்பமாக விழுங்கிவிடுகிறது.

இரண்டாம் கட்சியின் போரான் நைட்ரைடு நானோ தகடுகள் முதல் பார்வையில் ஏமாற்றமாகத் தோன்றும். அவற்றின் விடுதிறன் 4-ஐ ஒட்டியதுதான். அப்புறம் எதற்குக் கலக்க வேண்டும்? எலக்ட்ரான் ஓட்டத்தைத் தடுக்க. அதன் ஆற்றல் இடைவெளி (எலக்ட்ரான் விடுபட்டு ஓடத் தாண்ட வேண்டிய ஆற்றல்) சுமார் 6 எலக்ட்ரான் வோல்ட், அருமையான மின்காப்பு. படலத்தில் தகடுகள் படுத்த நிலையில் இருந்தால், மரக்கிளை போலப் பரவும் முறிவுப் பாதை நேராகப் போக முடியாமல் சுற்றிப் போக வேண்டும். வெப்பத்தையும் நன்றாகக் கடத்தும். 2015-இல் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில், பென்சோசைக்ளோபியூட்டீன் என்ற, சங்கிலிகள் ஒன்றோடொன்று பிணைந்த பாலிமரில் இந்தத் தகடுகளைக் கலந்து 250 டிகிரியிலும் வேலை செய்யும் படலத்தைக் காட்டினார்கள்.

காரோ, விமானமோ, சூடும் உயர் மின்னழுத்தமும் சேரும் இடத்தில் என் ஓட்டு போரான் நைட்ரைடுக்குத்தான். வர்க்கமாகப் பெருகும் ஒன்றை விட்டுக்கொடுத்து, நேர்விகிதத்தில் ஏறும் ஒன்றை வாங்குவது நல்ல பேரம் ஆகாது. சர்க்யூட் போர்டுக்குள் பதிக்கும் மின்தேக்கி என்றால் கதை வேறு. அங்கே மின்னழுத்தம் குறைவு, இடமும் குறைவு. எபாக்சியில் கலந்த பேரியம் டைட்டனேட் அங்கே பொருத்தமாக உட்காரும்.

இரண்டையும் சேர்த்தவர்களும் உண்டு: வெளி அடுக்குகளில் போரான் நைட்ரைடு, நடுவில் பேரியம் டைட்டனேட். யோசனை நல்லதுதான். ஆனால் மூன்று மைக்ரானுக்குள் மூன்று அடுக்குகளைக் கிலோமீட்டர் கணக்கில் குறையில்லாமல் ஓட்டியெடுப்பது லேசான வேலை அல்ல.

ஆய்வுக் கட்டுரைகளில் கன சென்டிமீட்டருக்கு இத்தனை ஜூல் என்று படிக்கும்போது, எந்த வெப்பநிலையில், எவ்வளவு திரும்பி வந்தது, மின்முனை எத்தனை சிறியது என்று பாருங்கள். பரப்பு கூடக்கூட, பலவீனமான புள்ளி எங்காவது அகப்பட்டுவிடும். பாலிபுரோப்பிலீன் மின்தேக்கியில் அப்படி ஓர் இடம் முறிந்தால், அதைச் சுற்றியுள்ள மெல்லிய அலுமினியப் பூச்சு ஆவியாகிப் பழுது தானாகத் துண்டிக்கப்படும். சூடு தாங்கும் பாலிமர்கள் பலவற்றில் பென்சீன் வளையங்கள் அதிகம். முறிந்த இடத்தில் மின்சாரம் கடத்தும் கரி மிஞ்சி, இந்தக் குணத்தையே கெடுத்துவிடும். போரான் நைட்ரைடு கலந்த படலங்கள் தொழிற்சாலைக்குப் போகும் முன் தாண்ட வேண்டிய பெரிய தடை அந்தக் கரிதான் என்று நினைக்கிறேன்.