‘தங்குவது வீடுகளில்’ என்று அழைக்கும் ஏற்பாட்டாளர்கள்: குழுக்களுக்கு ஓர் எச்சரிக்கை

வெளிநாட்டு விழா ஒன்றிலிருந்து அழைப்பு வந்திருக்கிறது. ஓட்டல் செலவே இல்லை, உள்ளூர்க் குடும்பங்கள் தங்கள் வீட்டிலேயே வைத்துக்கொள்வார்கள் என்று கடிதம் சொல்கிறது. நடனக் குழு, பாட்டுக் குழு, நாடகக் குழு, எதை நடத்துபவராக இருந்தாலும் அட்வான்ஸ் அனுப்புவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். அந்தக் கடிதத்தில் ஒரு குடும்பத்தின் பெயர்கூட இல்லையென்றால், அப்படி ஒரு வீடு இன்னும் பேசப்படாமலே இருக்கலாம்.

32 பேர் கொண்ட ஒரு குழுவுக்கு நேர்ந்தது இது. மூன்று ஊர், 12 இரவு, எல்லா இரவும் வீடுகளில் என்பது பேச்சு. ‘பங்கேற்புக் கட்டணம்’ என்று தலைக்கு ஒரு தொகை வைத்து, முழுப் பணத்தையும் இரண்டு மாதம் முன்பே வாங்கிக்கொண்டார் ஏற்பாட்டாளர். முதல் ஊரில் நான்கு இரவும் குறையே இல்லை, ஏனென்றால் அங்கே வீடுகளைப் பிடித்தது உள்ளூர்ச் சங்கம். இரண்டாவது ஊரில் ஐந்து இரவு என்று குழுவிடம் சொல்லியிருந்தார். குடும்பங்களிடம் அவர் சொன்னது இரண்டு இரவு. மூன்றாம் நாள் காலை ஒத்திகைக்குக் கொண்டுவிட வந்த கார்கள் ஒவ்வொன்றிலிருந்தும் ஆட்களோடு பெட்டிகளும் இறங்கின. வீட்டுக்காரர்கள் கட்டிப்பிடித்து, கையசைத்து விடைபெற்றுப் போனார்கள். அவர்கள்மேல் எந்தத் தப்பும் இல்லை, ஒப்புக்கொண்டதைச் செய்துவிட்டார்கள். அரங்க வாசலில் 32 பேரும் அத்தனை பெட்டிகளும் தோல்கருவிகளும். ஏற்பாட்டாளர் மாலை வரை போனை எடுக்கவில்லை. எடுத்ததும், “ஒரு விடுதியில் இடம் இருக்கு, ரொக்கமாக் கட்டினா இன்னைக்கு ராத்திரியே போயிடலாம்” என்றார். மூன்றாவது ஊரில் ஒரு வீடுகூடப் பேசவே இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

இந்த ஏமாற்று எங்கே நடக்கிறது என்று கவனியுங்கள். குழுவும் குடும்பங்களும் ஒருவரோடொருவர் பேசிக்கொள்வதே இல்லை. நடுவில் இருப்பவர் இந்தப் பக்கம் ஒன்றும் அந்தப் பக்கம் ஒன்றும் சொல்லலாம். குழுவிடம் ‘ஹோஸ்ட் குடும்பச் செலவு’ என்று இரவுக்கு இவ்வளவு என வாங்குவார். குடும்பங்களிடம் ‘ஏழைக் கலைஞர்கள், நீங்கள் இலவசமாக வைத்துக்கொண்டால் பேருதவி’ என்று சொல்லியிருப்பார். பேச்சுவாக்கில் விருந்தாளி “நாங்க காசு கட்டித்தானே வந்திருக்கோம்” என்று சொல்லிவிட்டால் சாப்பாட்டு மேசையிலேயே முகம் மாறிவிடும். அந்த வீடு அடுத்த வருடம் யாரையும் ஏற்காது.

ஆகவே கேட்க வேண்டிய முதல் ஆவணம் வீட்டுப் பட்டியல். அழைப்புக் கடிதம், சான்றிதழ், பதக்கத்தின் படம் எல்லாம் அதற்குப் பிறகுதான். உண்மையிலேயே வீடு பிடித்திருப்பவரிடம் பயணத்துக்கு ஆறு வாரம் முன்பு இந்தப் பட்டியல் கட்டாயம் இருக்கும். ஒவ்வொரு வரியிலும் குடும்பத்தின் பெயர், முகவரி, தொலைபேசி எண், எந்தத் தேதி இரவிலிருந்து எந்தத் தேதி காலை வரை, எத்தனை படுக்கை, ஆண்களா பெண்களா, வீட்டில் நாய் பூனை உண்டா, யாராவது புகைபிடிப்பவரா, காலையில் கொண்டுவிடுவது யார், இரவில் கூட்டிப்போவது யார் என்று இருக்க வேண்டும். தனிப்பட்ட விவரத்தை முன்கூட்டித் தர முடியாது என்று சிலர் சொல்வார்கள். முழு முகவரியைக் கடைசி இரண்டு வாரத்தில் தருவது நியாயம்தான். குடும்பப் பெயர், படுக்கை எண்ணிக்கை, இரவுகள் இம்மூன்றையும் மறைக்க ஒரு காரணமும் கிடையாது.

கணக்கையும் போட்டுப் பாருங்கள். ஒரு வீட்டில் இரண்டு பேர் என்பது நல்ல ஏற்பாடு, மூன்று வரை சமாளிக்கலாம். 32 பேருக்கு 16 வீடு வேண்டும். கடைசி வாரத்தில் ஒரு வீட்டில் காய்ச்சல் வரும், இன்னொரு வீட்டுக்காரருக்கு வேலை மாறும். அதனால் அனுபவமுள்ளவர் 18 வீடு பிடித்து வைத்திருப்பார். ‘ஐந்து பெரிய வீடுகள் தயார்’ என்று யாராவது எழுதினால் வீட்டுக்கு ஆறு ஏழு பேர், ஒரே குளியலறை, தரையில் மெத்தை என்று பொருள். மறுநாள் மூன்று மணி நேரம் ஆட வேண்டிய உடம்பு அதில் தூங்கி எழுந்திருக்க முடியாது. ‘நான்கு பேருக்கு இடம் உண்டு’ என்ற சொல்லையும் நம்ப வேண்டாம். ஓர் இரட்டைக் கட்டிலும் கூடத்து சோபாவும் இருந்தாலே அப்படித்தான் எழுதுவார்கள். ஒப்பந்தத்தில் ‘ஒருவருக்கு ஒரு தனிப் படுக்கை’ என்று எழுதி வாங்குங்கள்.

எந்த வீட்டிலும் ஒருவரைத் தனியாக விடக் கூடாது, குழுவில் ஆள் எண்ணிக்கை ஒற்றைப்படை என்றால் மூன்று பேராக ஒரு வீட்டில் வையுங்கள். 18 வயதுக்குக் குறைந்தவர்கள் இருந்தால் அந்த வீட்டிலேயே குழுவைச் சேர்ந்த பெரியவர் ஒருவர் தங்க வேண்டும். அது முடியாதென்றால் அந்தப் பிள்ளைகளை வீடுகளுக்கு அனுப்பவே வேண்டாம், எல்லோரும் ஒரே கூரையின் கீழ் தங்குகிற ஏற்பாட்டைக் கேளுங்கள். பல நாடுகளில் பிள்ளைகளை வீட்டில் தங்கவைக்கும் பெரியவர்களின் குற்றப் பின்னணியைச் சரிபார்க்கும் முறை இருக்கிறது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அதற்கு டிபிஎஸ் சான்று என்று பெயர். ‘எங்கள் ஊரில் எல்லோரும் நல்லவர்கள்’ என்று பதில் வந்தால் அந்த ஏற்பாட்டாளரோடு பேச்சை முடித்துக்கொள்ளலாம்.

அடுத்தது சாப்பாடு. வீட்டில் தங்கும் பயணங்களில் அதிகம் சறுக்குவது மதியச் சாப்பாடுதான். காலையும் இரவும் வீட்டில் என்று எல்லோருக்கும் தெரியும். மதியம் விழாவில் கொடுப்பார்கள் என்று குடும்பங்களிடமும், வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு வருவார்கள் என்று விழாச் சமையற்காரரிடமும் சொல்லிவிட்டால் யாருக்கும் செலவில்லை, கலைஞருக்குச் சாப்பாடும் இல்லை. இது மறதியால் நடப்பதும் உண்டு, திட்டமிட்டு நடப்பதும் உண்டு. நாள்வாரியாக ஒரு தாள் தயார் செய்து ஒவ்வொரு வேளைக்கும் எதிரே ‘வீடு’ அல்லது ‘விழா’ என்று எழுதுங்கள். அதே தாளைக் குடும்பங்களுக்கும் அனுப்பிவைக்கச் சொல்லுங்கள். இரவு நிகழ்ச்சி 11 மணிக்கு முடியும் நாளில் இரவுச் சாப்பாடு யார் பொறுப்பு என்பதையும் எழுத வேண்டும், ஏனென்றால் வீட்டில் ஏழு மணிக்கே சாப்பிட்டு முடித்திருப்பார்கள்.

அழைப்பு உண்மையா என்று பார்க்கும் வழிகள் கடினமானவை அல்ல. தெருவிலோ மைதானத்திலோ நடக்கும் விழாவுக்கு உள்ளாட்சியின் அனுமதி இல்லாமல் இருக்காது. அந்த ஊர் நகராட்சியின் கலாசாரப் பிரிவுக்கு நீங்களே முகவரி தேடி மின்னஞ்சல் அனுப்பி, இன்ன தேதியில் இன்ன விழா நடக்கிறதா என்று கேளுங்கள். நாட்டுப்புறக் கலை விழாக்களுக்கு 1970-ல் தொடங்கிய சிஐஓஎஃப்எஃப் என்ற பன்னாட்டு அமைப்பு இருக்கிறது, பல நாடுகளில் அதற்குக் கிளை உண்டு. கடிதத்தில் அதன் சின்னம் இருந்தால் அந்த நாட்டுக் கிளையிடமே கேட்டுவிடுங்கள். சின்னத்தை வெட்டி ஒட்ட யாராலும் முடியும். ‘யுனெஸ்கோ ஆதரவுடன்’ என்ற வரி இருந்தாலும் அப்படித்தான். அந்த ஆதரவை யுனெஸ்கோவின் தலைமை இயக்குநர் எழுத்தில் தருவார், அந்தக் கடிதத்தின் நகலைக் காட்டச் சொல்லுங்கள்.

இதையெல்லாம்விட உதவுவது, போன வருடம் போய்வந்த குழுவோடு பேசுவது. ஏற்பாட்டாளர் தரும் எண்ணில் பேசாதீர்கள், பழைய சுவரொட்டியில் உள்ள குழுக்களின் பெயரைப் பார்த்து நீங்களே தேடிப் பிடியுங்கள். ‘நன்றாக இருந்ததா’ என்று கேட்டால் நன்றாக இருந்தது என்றுதான் சொல்வார்கள். எத்தனை இரவு வீட்டில், எத்தனை இரவு வேறு இடத்தில், ஒரு வீட்டில் எத்தனை பேர், போய் இறங்கிய பிறகு கூடுதலாக என்ன கேட்டார்கள் என்று துருவிக் கேளுங்கள்.

நாட்டுப்புற விழாக்களில் வழக்கமான முறை இது: போய்வரும் பயணச் செலவு குழுவுடையது, தங்குமிடம், சாப்பாடு, உள்ளூர்ப் போக்குவரத்து விழாவுடையது. இதற்கு மாறாகத் தலைக்குக் கட்டணம் கேட்டாலே மோசடி என்று சொல்லிவிட முடியாது. போட்டி நடத்துபவர்களும் பயண நிறுவனங்களும் வெளிப்படையாகவே கட்டணம் வாங்குகிறார்கள். ஆனால் கட்டணம் வாங்குபவர் அதற்கு என்ன தருகிறார் என்பதை வரிவரியாக எழுதித் தர வேண்டும். பணத்தையும் பட்டியலோடு கட்டிவைப்பது நல்லது. ஒப்பந்தம் கையெழுத்தாகும்போது கால் பங்கு, வீட்டுப் பட்டியல் வந்து இரண்டு மூன்று குடும்பங்களோடு பேசிப் பார்த்த பிறகு கால் பங்கு, மீதிப் பாதி போய்ச் சேர்ந்து முதல் இரவு எல்லோருக்கும் படுக்கை கிடைத்த பிறகு. நேர்மையானவர் இதற்குப் பேரம் பேசுவார், மறுக்க மாட்டார்.

பணம் போகும் கணக்கையும் பாருங்கள். ஐபான் என்பது பன்னாட்டு வங்கிக் கணக்கு எண், அதன் முதல் இரண்டு எழுத்து நாட்டைக் குறிக்கும். டிஇ என்றால் ஜெர்மனி, எஃப்ஆர் என்றால் பிரான்ஸ். விழா ஒரு நாட்டில், கணக்கு இன்னொரு நாட்டில், அதுவும் தனிநபர் பெயரில் என்றால் அனுப்பாதீர்கள். வங்கி மூலம் வெளிநாட்டுக்குப் போன பணத்தை வாங்கியவர் சம்மதம் இல்லாமல் திரும்பப் பெறுவது மிகவும் கடினம். கடன் அட்டையில் கட்டியிருந்தால் வங்கியிடம் தகராறு எழுப்ப ஒரு வழி இருக்கிறது, அதற்கும் நாள் வரம்பு உண்டு.

விசா விஷயத்தில் வரும் ஒரு யோசனைக்கு மட்டும் தயவுசெய்து இணங்காதீர்கள். “விசாவுக்காக ஓட்டல் முன்பதிவு ஒன்று காட்டுங்கள், விசா வந்ததும் ரத்து செய்துகொள்ளலாம்” என்பார்கள். அப்படிச் சொல்பவரிடம் வீடுகள் இல்லை என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம். ஐரோப்பாவின் பெரும்பாலான நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசா விண்ணப்பத்திலேயே அழைப்பவரின் பெயரும் தங்கும் முகவரியும் கேட்கிறார்கள். பொய் முகவரியில் கையெழுத்துப் போடுவது விண்ணப்பிக்கும் கலைஞர், ஏற்பாட்டாளர் அல்ல. நிராகரிப்பு கலைஞரின் பெயரில் பதிவாகி அடுத்த பயணங்களுக்கும் தொடரும். அந்த விண்ணப்பத்தைப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிலிருந்தே கொடுக்கலாம், முடிவுக்குப் பொதுவாக 15 நாள், சில நேரம் 45 நாள் வரை ஆகும். குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடும் கேட்பார்கள். அமெரிக்காவென்றால் டிக்கெட் விற்கும் மேடையில் ஏறச் சுற்றுலா விசா போதாது. பண்பாட்டுக் குழுக்களுக்கான பி-3 விசாவுக்கு அங்கிருப்பவர் முதலில் அந்நாட்டுக் குடிவரவுத் துறையிடம் ஐ-129 என்ற மனுவைப் போட வேண்டும். ‘வீட்டில் விருந்தாளியாகத் தங்குவதாகச் சொன்னால் போதும்’ என்ற அறிவுரையைக் கேட்டு விமான நிலையத்தில் நின்றால் திரும்பி வர வேண்டியதுதான்.

பயண நிரலையும் சந்தேகத்தோடு படியுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் பேருந்து ஓட்டுநர் நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிடம் இடைவேளை எடுக்க வேண்டும், ஒரு நாளைக்கு 9 மணி நேரம் ஓட்டலாம், வாரத்தில் இரண்டு நாள் மட்டும் 10. இரவு 11 மணி நிகழ்ச்சிக்குப் பிறகு அதே பேருந்து 16 வீட்டு வாசலுக்கும் போய் இறக்கிவிடும் என்று எழுதியிருந்தால் அது நடக்காது. ஒரே இடத்தில் பேருந்து நிற்கும், குடும்பங்கள் வந்து கூட்டிப்போகும், அதுதான் நடைமுறை. அதற்கான நேரம் குடும்பங்களுக்குத் தெரியுமா என்று கேளுங்கள்.

பாஸ்போர்ட்டை ‘பதிவுக்காக’ என்று வாங்கி வைத்துக்கொள்ள யாரையும் விடாதீர்கள், நகல் கொடுங்கள். ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் ஒரு சிறு அட்டை இருக்கட்டும்: தங்கும் வீட்டின் முகவரி, வீட்டுக்காரர் எண், குழுத் தலைவர் எண், ஒவ்வாமை இருந்தால் அது, எல்லாம் அந்த ஊர் மொழியில்.

இத்தனைக்குப் பிறகும் வாசலில் நிற்க நேர்ந்தால் முதலில் எல்லோருக்கும் அன்றிரவு கூரை வேண்டும். அதற்காகவே முழுக் குழுவுக்கும் இரண்டு இரவு மலிவு விடுதியில் தங்கும் அளவுக்குப் பணம் தலைவரின் அட்டையில் தொடாமல் இருக்க வேண்டும். விடுதிப் பணத்தை ஏற்பாட்டாளர் கையில் ரொக்கமாகக் கொடுக்காமல் விடுதியிலேயே கட்டி, குழுவின் பெயரில் ரசீது வாங்குங்கள். அன்றே ஏற்பாட்டாளருக்கு மின்னஞ்சல் எழுதுங்கள்: ஒப்பந்தத்தின் எந்தப் பிரிவு, எந்த இரவு, எத்தனை பேர், எவ்வளவு செலவு, திரும்பத் தர எத்தனை நாள் அவகாசம். கடைசி நாளில் ‘எல்லா வசதியும் பெற்றுக்கொண்டோம்’ என்ற தாளை நீட்டுவார்கள், சான்றிதழ் தருவதற்கு அதுதான் நிபந்தனை என்பார்கள். கையெழுத்துப் போட வேண்டாம். தூதரகம் பாஸ்போர்ட் தொலைந்தால் உதவும், வழக்கறிஞர் பட்டியல் தரும், விடுதிக் கட்டணம் தராது.

முதல் சில இரவு வைத்துக்கொண்ட குடும்பங்களை மறந்துவிடாதீர்கள். அந்த 32 பேருக்கும் கடைசியில் கை கொடுத்தது அவர்கள்தான். எத்தனை இரவுக்கு ஒப்புக்கொண்டார்கள், யார் கேட்டார்கள், காசு வாங்கினார்களா இல்லையா என்று குழுவினர் ஒவ்வொரு வீட்டிலும் நாலு வரி எழுதித் தேதியிட்டுக் கையெழுத்து வாங்கினார்கள். ஏற்பாட்டாளர் இருக்கும் ஊரிலேயே வாழ்பவர்கள் எழுதித் தந்த தாள்கள் அவை. அங்கே போலீஸிலோ நீதிமன்றத்திலோ புகார் கொடுக்கும்போது அவற்றைத்தான் மேலே வைத்துக் கொடுக்க வேண்டும், ஒப்பந்தமும் ரசீதுகளும் அதற்குக் கீழே.