ஜி-கோடிலிருந்து டிராயிங் போட்டுத் தருகிறோம் என்பவர்களிடம் பணம் கட்டும் முன்

டிராயிங் தொலைந்துவிட்டது, பழைய விஎம்சி (கணினி ஓட்டும் மில்லிங் மெஷின்) புரோகிராம், அதாவது டூல் எப்படி நகர வேண்டும் என்று வரி வரியாகச் சொல்லும் ஜி-கோடு, மட்டும் இருக்கிறது, அதை வைத்து 3டி மாடல் (ஸ்டெப் ஃபைல்) வேண்டும் என்று கேட்டால், "ஃபைலை அனுப்புங்க சார், ரெண்டு நாள்ல ஸ்டெப் ஃபைல் வந்துடும்" என்று மறுபேச்சில்லாமல் ஒத்துக்கொள்ளும் ஆட்களிடம் ஜாக்கிரதை. வார்ப்பிரும்பு பேரிங் ஹவுசிங் ஒன்றின் புரோகிராம் அப்படி ஒரு இடத்துக்குப் போய், கட்டிய பணமும் இரண்டு காஸ்டிங்கும் வீண். யார் என்று சொல்லப்போவதில்லை. என்ன செய்தார்கள் என்பதைச் சொல்கிறோம், ஏனென்றால் இதைப் பலரும் இப்படித்தான் செய்கிறார்கள்.

ஹவுசிங்கில் 6205 பேரிங் உட்கார வேண்டும், அதாவது போர் (பேரிங் உட்காரும் துளை) 52 மி.மீ. வந்த மாடலில் போர் 42! புரோகிராமைத் திறந்தால் காரணம் உடனே தெரிகிறது. எக்ஸ்21.0-இல் டூல் நிற்கிறது, அடுத்த வரி ஜி03 ஐ-21.0, அதாவது 21 ஆரத்தில் ஒரு முழுச் சுற்று. டூல் 10 மி.மீ எண்ட்மில். டூல் ஆரத்துக்கு மெஷினையே ஒதுங்கிப் போகச் சொல்லும் ஜி41 இந்த வரிகளில் இல்லை, எனவே அந்த 21 டூலின் மையம் போன பாதை. அதோடு டூலின் ஆரம் 5 சேர்த்தால் 26, விட்டம் 52. அவர்கள் பாதைக் கோட்டை அப்படியே டிஎக்ஸ்எஃப் (2டி டிராயிங் ஃபைல்) ஆக்கி, எக்ஸ்ட்ரூட் செய்து (உயரம் கொடுத்து) அனுப்பியிருக்கிறார்கள். டூல் அளவு புரோகிராமின் தலைப்பிலேயே கமெண்டாக இருந்தது, படிக்கவில்லை.

புகார் சொன்னதும் "கரெக்ட்" செய்து அனுப்பிய இரண்டாவது ஃபைல்தான் அதிக நஷ்டம். போர் 52 வந்துவிட்டது. ஆனால் வெளியே இருந்த 80 மி.மீ ஸ்பிகாட் (துருத்தி நிற்கும் வட்டப் பகுதி) 70 ஆகிவிட்டது. ஸ்பிகாட் வரிகளில் ஜி41 டி05 இருந்தது. அங்கே எழுதியிருந்த 40 ஆரம் ஜாபின் (வெட்டும் பொருளின்) விளிம்பேதான்; டூல் ஆரத்தை மெஷின் தன் ஆஃப்செட் பக்கத்தில் (டூல் அளவுகளைப் பதிந்து வைக்கும் திரை) இருக்கும் டி05 மதிப்பிலிருந்து எடுத்துக்கொள்ளும். எல்லாப் பாதையையும் டூல் மையம் என்று எடுத்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு போருக்கு 5 மி.மீ கூட்டி, வெளி விளிம்புக்கு 5 மி.மீ கழித்தால் இப்படித்தான் ஆகும். போர் சரியாகிவிட்டதே என்று ஸ்பிகாட்டை அளக்காமல் வெட்டியது எங்கள் தப்பு.

ஜி41 இருந்தாலே விளிம்பு என்றும் நம்பிவிட முடியாது. புரோகிராமை எழுதித் தரும் கேம் சாஃப்ட்வேரில் டூல் தேய்மானத்துக்கு மட்டும் காம்பன்சேஷன் (ஈடு) வைத்தால், ஃபைலில் ஜி41 இருக்கும், பாதை மட்டும் டூல் மையத்துடையது. ஆஃப்செட் பக்கத்தில் டி மதிப்பு 5.000 என்றிருந்தால் எழுதியது விளிம்பு. 0 அல்லது -0.015 போல இருந்தால் மையம். அந்த மதிப்பு ஆரமா விட்டமா என்பதும் மெஷின் செட்டிங்கைப் பொறுத்தது, ஹாஸ் மெஷினில் அது செட்டிங் 40. ஆக, ஆஃப்செட் பக்கத்தைக் கேட்காமல் விலை சொல்கிறவருக்கு வேலை தெரியாது.

ஓட்டைகளிலும் இதே அலட்சியம். 8.5 டிரில்லுக்குத் துளை போடும் ஜி83 வரியில் இசட்-22.0 என்றால் அது நுனியின் ஆழம். 118 டிகிரி டிரில்லில் நுனிக்கு விட்டத்தில் சுமார் 0.3 பங்கு போகும், இங்கே ஏறக்குறைய 2.55. முழு விட்டம் 19.45 வரைதான். மாடலில் தட்டையான அடியோடு 22 போட்டிருந்தார்கள். அதே இடங்களில் ஜி84 (மரை வெட்டும் கட்டளை), எஸ்300 (நிமிடத்துக்குச் சுற்று), எஃப்450 (நிமிடத்துக்கு மி.மீ) இருந்தது: 450-ஐ 300-ஆல் வகுத்தால் பிட்ச் 1.5, 8.5 டிரில்லோடு சேர்த்தால் எம்10 டேப். அதைக் கவனிக்காமல் வெறும் 8.5 ஓட்டையாக விட்டுவிட்டார்கள்.

இன்னொரு வகை ஏமாற்று: காமோட்டிக்ஸ் போன்ற சிமுலேட்டரில் ஓட்டி, கிடைக்கும் எஸ்டிஎல் ஃபைலை (முக்கோணங்களால் ஆன மாடல்) ஸ்டெப்பாக மாற்றி "சாலிட் மாடல்" என்று விற்பது. போரின் விளிம்பைக் கிளிக் செய்யுங்கள். வட்டம் என்று காட்டாமல் குட்டிக் குட்டி நேர்கோடுகளாகப் பிடித்தால் அது முக்கோண வலை, அதை வைத்து டிராயிங் எடுக்க முடியாது.

டாலரன்ஸை (அளவில் அனுமதிக்கும் வித்தியாசம்) யாராலும் புரோகிராமிலிருந்து எடுக்க முடியாது. அந்த 52 போருக்கு எச்7 வேண்டுமென்றால் 0-விலிருந்து +30 மைக்ரான். அதைப் பிடித்தது மெஷினில் நின்ற ஆபரேட்டர். ஃபைலில் இருப்பது வெறும் 21.0. வந்த டிராயிங்கிலோ எல்லாவற்றுக்கும் ±0.1. வெட்டப்படாத காஸ்டிங் முகங்கள், ரிப்கள் எதுவும் கோடில் இருக்காது, அவற்றை ஜாபை அளந்துதான் போட வேண்டும். இரண்டு செட்டப் (ஜாபை இரண்டு விதமாகப் பிடித்து வெட்டுவது) இருந்தால் ஜி54, ஜி55 மதிப்புகளும் (ஒவ்வொரு செட்டப்பின் ஜீரோ புள்ளி) கண்ட்ரோலில்தான் இருக்கும், அவற்றைப் புரோகிராமிலேயே ஜி10-ஆல் எழுதியிருந்தால் ஒழிய.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோது வந்த பதில், "பில்லில் 'புரோகிராம்படி' என்றுதானே இருக்கு." எனவே ஆர்டரிலேயே எழுதுங்கள்: டூல் லிஸ்ட்டும் ஆஃப்செட்டும் பார்த்துப் போட்ட மாடல், பேரிங் போர், ஸ்பிகாட், டேப் அளவு மூன்றும் ஜாபோடு ஒத்துப்போன பிறகே பாக்கிப் பணம். பழைய மெஷினை விற்கப் போகிறவர்கள் லாரி வருவதற்கு முன் ஆஃப்செட் பக்கத்தையும் ஜி54 பக்கத்தையும் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.