சாவி மாட்டிய ஆணி

சிங்கப்பூரில் எனக்குக் கார் கிடையாது. கார் வைத்துக்கொள்ள வாங்கும் பத்து வருட உரிமைச் சான்றே ஒரு லட்சம் வெள்ளியை, அதாவது சிங்கப்பூர் டாலரைத் தாண்டிய ஊர் அது. எனக்கு எம்ஆர்டி ரயில் போதும். அதனால் இந்தத் தடவை திருநெல்வேலிக்குப் போகையில், அண்ணன் புதிதாக வாங்கியிருந்த 62 லட்ச ரூபாய் வண்டியில் குற்றாலம், திருச்செந்தூர் என்று சுற்றலாம் என ஆசை. மூன்று வார லீவில் அந்த வண்டியில் நான் அதிகம் போனது மதுரை சர்வீஸ் சென்டருக்குத்தான்.

வாங்கி ஐந்து மாதம்தான் ஆகிறது. காலையில் ஸ்டார்ட் பண்ணினால் பெரிய திரை கறுப்பாகவே இருக்கும், ரிவர்ஸ் கேமரா வராது. நாலு கதவும் சாத்தியிருக்கும்போதே கதவு திறந்திருக்கிறது என்று மணி அடிக்கும். வண்ணார்பேட்டை போவதற்குள் ஏர்பேக் விளக்கு எரியும், வீட்டுக்கு வந்தால் அணைந்திருக்கும். இதையெல்லாம் தூக்கிச் சாப்பிட்டது டிக்கி. ராத்திரி இரண்டு மணிக்குத் தானாகத் திறந்து விளக்கும் எரிய நிற்கும். முதல் தடவை மதினி திருடன் என்று நினைத்துத் தெருவையே எழுப்பிவிட்டாளாம்.

மதுரைக்கு 160 கிலோமீட்டர், வழியில் மூன்று டோல்கேட். சர்வீஸ் சென்டரில் உபசரிப்புக்குக் குறைவில்லை. ஏசி ஹால், காபி, வரிக்கு வரி மேடம். மூன்று மணி நேரம் கழித்து சர்வீஸ் அட்வைசர் வந்து அண்ணனிடம், “ஸ்கேன்ல ஃபால்ட் எதுவும் காட்டலை சார், சாஃப்ட்வேர் அப்டேட் போட்டாச்சு” என்றார். இப்படி அவர் சொல்வது அது மூன்றாவது தடவை. திரும்பி வரும்போது கோவில்பட்டியில் கடலை மிட்டாய் வாங்க நிறுத்தினோம். மறுபடி ஸ்டார்ட் பண்ணினால் திரை கறுப்பு.

அன்றைக்கு ராத்திரி, வண்டியை விடும்போது சர்வீஸ் சென்டரில் எழுதித் தரும் ஜாப் கார்டுகளை அண்ணனிடம் வாங்கிப் பார்த்தேன். கஸ்டமர் சொன்ன குறை என்ற கட்டத்தில் மூன்றிலும் ‘ஜெனரல் செக்கப்’. திரையும் இல்லை, டிக்கியும் இல்லை. அண்ணன் ஒவ்வொரு தடவையும் வாயால் சொல்லியிருக்கிறான், அவர்களும் தலையாட்டியிருக்கிறார்கள். காகிதத்தைப் பார்த்தால் அது ஒரு குறையும் இல்லாத வண்டி! சிங்கப்பூரில் குறையுள்ள பொருளை வாங்கியவருக்காக 2012-லிருந்து லெமன் சட்டம் இருக்கிறது. வாங்கி ஆறு மாதத்துக்குள் குறை தெரிந்தால், விற்கும்போதே இருந்த குறை என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். இல்லை என்று காட்டுவது விற்றவர் பாடு. இங்கே அப்படித் தனிச் சட்டம் இல்லை. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் இரண்டு வருடத்துக்குள் வழக்குப் போடலாம். கொடுத்த விலை 50 லட்சத்தைத் தாண்டியதால் மாநில நுகர்வோர் ஆணையத்துக்குப் போக வேண்டும். போகலாம்தான், ‘ஜெனரல் செக்கப்’பைக் காட்டி என்னவென்று வாதாடுவது?

மறுநாள் அண்ணனின் பழைய ஸ்விஃப்டைப் பார்க்கும் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டோம். வந்தவர் எதையும் கழற்றவில்லை. “வாரண்டி வண்டி அண்ணாச்சி, நான் கைய வச்சா ஒங்களுக்குத்தான் வம்பு” என்று சொல்லி மல்டிமீட்டரை மட்டும் பேட்டரியில் வைத்தார். 11.9 வோல்ட். “ராத்திரி முழுக்க நின்ன வண்டி 12.6 காட்டணும்லா” என்றவர், அண்ணனைப் பார்த்து, “சாவிய எங்க மாட்டுவிய?” என்றார்.

சாவி முன்னறைச் சுவரில், தாத்தா படத்துக்குக் கீழே ஓர் ஆணியில் தொங்கியது. அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம்தான் போர்டிகோ, வண்டியின் முன்கதவுக்கும் ஆணிக்கும் நடுவே ஒரு செங்கல் கனம். சாவி இவ்வளவு பக்கத்தில் இருந்தால் சில வண்டிகள் ஆள் வந்துவிட்டதாக நினைத்து விழித்துக்கொண்டே இருக்குமாம். அண்ணன் பகலில் ஓட்டுவதும் கடைக்கும் வீட்டுக்குமாக மூன்று கிலோமீட்டர், பேட்டரி ஏறவே நேரமில்லை. வோல்டேஜ் இறங்கினால் உள்ளே இருக்கும் சின்னச் சின்னக் கம்ப்யூட்டர்கள் ஒன்றுக்கொன்று பேசுவது குழம்பிப் போகும், சம்பந்தமே இல்லாத விளக்கெல்லாம் எரியும் என்றார். ஐந்நூறு ரூபாய் கொடுத்ததற்கு இருநூறு போதும் என்று திருப்பித் தந்தார்.

சாவி அடுக்களையில் ஒரு எவர்சில்வர் சம்படத்துக்குள் போனது. ஞாயிற்றுக்கிழமை நாகர்கோவில் வரை ஒரு ஓட்டம் போய்வந்தோம். அப்புறம் நாலு நாள் திரை ஒழுங்காக வந்தது, விளக்குகளும் அடங்கின. டிக்கி மட்டும் கேட்கவில்லை. ஐந்தாம் நாள் அது திறந்ததை நான் மாடியிலிருந்து வீடியோ எடுத்தேன், மணி 2.17.

நாலாவது தடவை மதுரை. காபியை வேண்டாமென்றுவிட்டு, ஒவ்வொரு குறையையும் தேதியோடு நான் சொல்லச் சொல்ல ஜாப் கார்டில் எழுதினால்தான் அண்ணன் கையெழுத்துப் போடுவான் என்றேன். அட்வைசருக்கு முகம் சுண்டிவிட்டது, ஆனால் எழுதினார். வண்டியை இரண்டு நாள் வைத்துக்கொண்டு, டிக்கிக் கீல் மடியும் இடத்தில் ஒரு வயர் உள்ளுக்குள் அறுந்திருப்பதைக் கண்டுபிடித்தார்கள். தொட்டுத் தொட்டு விலகும் வயர், ஸ்கேன் பண்ணும் நேரத்தில் ஒட்டிக்கொண்டிருந்திருக்கும். பேட்டரியை வாரண்டியிலேயே மாற்றினார்கள். வயர் செட்டுக்கு ஆர்டர் போட்டிருக்கிறது, பத்து நாளில் வருமாம்.

நான் கிளம்பியது ஆர்டர் போட்ட பதினாலாவது நாள். மதுரை ஏர்போர்ட்டுக்குப் பழைய ஸ்விஃப்டில் போனோம். ஃபிளைட்டுக்கு நேரம் இருந்ததால், பார்ட் வந்துவிட்டதா என்று ஒரு எட்டுக் கேட்டுவிட்டுப் போகலாம் என அண்ணன் வண்டியை சர்வீஸ் சென்டர் பக்கம் திருப்பினான்.